மேற்கணக்கின் ஒற்றை ஓட்டு

எங்கள் லயங்களுக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளுக்கு, வெளியாள் ஒருவரின் ஜீப் ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. தோட்டத்துத் துரைகூடக் கீழ்ப் பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். கூரையில் ஒலிபெருக்கி கட்டிய அந்த ஜீப் வளைவில் இரைந்து ஏறுவதைக் கேட்டு, மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில் பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன.

இறங்கியவர் ரத்தோட்டைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. தீபாவளிக்கு எங்கள் ஆட்கள் அவரிடம்தான் துணி எடுப்பார்கள். தொகுதியில் போட்டியிட்ட சிங்கள வேட்பாளர் ஒருவருக்காக, தமிழ் பேசத் தெரிந்தவர் என்று அவரை அனுப்பியிருந்தார்கள்.

"மருத்துவச்சித் தங்கச்சி எங்க?" என்று கேட்டார்.

நான்தான் அந்தத் தோட்டத்து மருத்துவச்சி. மேற்கணக்கு என்று சொல்லப்பட்ட மேல் டிவிசனில், லயங்களை ஒட்டிய ஒரு சின்னக் குவார்ட்டர்ஸில் கணவரோடு குடியிருந்தேன். யாருக்கோ வலி கண்டிருக்கிறது என்று எண்ணி, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பை வேணாம் தங்கச்சி. ஒங்கட ஓட்டப் பத்திப் பேசத்தான் வந்தன்."

அதற்குள் லயத்து ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "எங்க ஓட்டப் பத்தியும் பேசுங்க மொதலாளி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி தொப்பியைக் கழற்றி விரல்களால் திருப்பிக்கொண்டே சொன்னார்: "வாக்காளர் இடாப்புல மேற்கணக்கு லயத்துக்கு ஒரு பேருதான் இரிக்கி. இந்தத் தங்கச்சிட பேரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளை எடுத்த தாய்மாரும், அவர்களுடைய புருஷன்மாரும், மாமியார்மாரும். எனக்கு ஓட்டு இருப்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதைக் கேட்டு ஒரு ஜீப் மலையேறி வந்த பிறகுதான் அது ஒரு பொருளாக அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்கு மட்டும் அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்து ஆட்களின் குடியுரிமை போய், அதோடு ஓட்டும் போயிற்று. வேண்டுமென்றால் விண்ணப்பம் போடு, இந்த நாட்டில் இடைவிடாமல் இருந்தாய் என்று காட்டு என்றார்கள். என் அப்பா மாத்தளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு உரிமப் பத்திரம், வாடகைச் சீட்டு, கடன் பற்றுச் சீட்டு என்று கடதாசிக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னையும் தன் விண்ணப்பத்தில் சேர்த்துப் போட்டார். பல வருடம் கழித்து எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது. என் கணவர் இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தொழிற்சாலையில் என்ஜின் பார்த்தார். ஊர் திரும்பியிருந்த அவருடைய தாயார் திருச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் சாகக் கிடந்தபோது பார்க்கப் போனவர், அடக்கம், காரியம், காணித் தகராறு என்று ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தங்கிவிட்டார். இடைவிடாமல் இருக்கவில்லை என்று அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். ஒரே கூரையின் கீழ் நான் பிரஜை, அவர் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்.

அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. தேர்தலுக்கு முந்திய வருடம் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் ஒப்பந்தம் செய்து, இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பிரித்துவிட்டதாக வானொலியில் சொன்னபோது அவர் எழுந்து போய் அதை நிறுத்தினார்.

முதலாளி வந்தபோது லயத்தில் எல்லோர் மனதிலும் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது: பாதை. மேற்கணக்கிலிருந்து ரத்தோட்டை வீதிக்கு இறங்க ஒரு குறுக்குப் பாதை உண்டு. தோட்டம் கைவிட்ட ஒரு துண்டு நிலத்தை ஊடறுத்து அது போகும். பிரசவத்தில் சிக்கல் என்றால் பெண்ணைக் கம்பளியில் கட்டி, தடியில் கோத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் இறங்குவார்கள். அந்த நிலத்தை அரசாங்கம் எடுத்து, கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் காணி இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. கிராமத்தில் நெருக்கடிதான், அவர்களுக்கும் நிலம் வேண்டித்தான் இருந்தது. ஆனால் பாதை ஓடிய துண்டு கிடைத்தவர் முள்ளுக்கம்பி அடித்துவிட்டார். கிராமச் சங்கத்தில் முறையிட்டோம். தோட்டத்து ஆட்கள் கிராமச் சங்கத்துக்கு உட்பட்டவர்கள் அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். துரையிடம் சொன்னோம், அது இப்போது தோட்டத்துக் காணி இல்லை என்றார்.

அந்த மழைக்காலத்தில் தலைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு, பத்தொன்பது வயது இருக்கும், வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. வேலியைச் சுற்றி, ஓடையைக் கடந்து, கீழ்க்கணக்கு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். நான் கம்பளியின் பக்கத்தில் ஓடிக்கொண்டே அவள் கையைப் பிடித்திருந்தேன். வீதிக்கு வந்து லொறிக்காகக் காத்து நின்றபோது அந்தக் கையின் பிடி தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையை எடுத்துத் தந்தார்கள். தாய் பிழைக்கவில்லை.

ஆகவே முதலாளியிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. "பாதையத் தெறந்து தருவாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"கேட்டுச் சொல்றன். ஐயா வென்டா செய்வாரு, இன்ஷா அல்லாஹ்" என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, எங்கட ஆக்களும் இந்தத் தொகுதில கொஞ்சப் பேருதான். ஆனா எங்கட கையில ஓட்டு இரிக்கி. அதனாலதான் எங்கட சொல்லு கொஞ்சம் ஏறுது. நீங்க அதக் கெட்டியாப் புடிச்சிக்கோங்க" என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மேற்கணக்கில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் ஆள். பேச்சில் நிதானம் உள்ளவர். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"அம்மா, இது இனி ஒங்க ஓட்டு மட்டுமில்ல. லயத்துக்கே இருக்கிறது இந்த ஒண்ணுதான். நாங்க எல்லாரும் பேசி ஒரு முடிவு சொல்றோம். அந்தப்படி நீங்க போடணும்."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார்: "போட்டுட்டு வந்தப்புறம் யாரு எங்க வீட்டுக்குக் காவல் இருக்கப் போறீங்க?"

தலைவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "காவல் இருக்க எங்களுக்கும் பயந்தாங்க. ஆனா வேற என்னதான் இருக்கு நம்மகிட்ட?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் நான் மாத்தளைக்கு அப்பாவைப் பார்க்கப் போனேன். கடைக்கு மேல்மாடி அறையில், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்தவர் வாடகைக்கு இருந்தார். புத்தகமும் பத்திரிகையுமாக இருக்கும் மனிதர். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்டு தெரியுமோ பிள்ளை?" என்று தொடங்கினார்.

"என்னங்கையா?"

"தொகுதி பிரிக்கேக்க ஆக்களைத்தான் எண்ணினவங்கள், வோட்டை இல்லை. உங்கட லயத்துச் சனம் முழுக்க அந்தக் கணக்கில இருக்கு. அதுகளின்ர தலையாலதான் இந்த மலைநாட்டுக்கு இத்தனை ஆசனம். ஆனா வோட்டுப் போடுறது மற்ற ஆக்கள். எங்கட ஊரில ஒரு மெம்பரை அனுப்ப எவ்வளவோ சனம் வோட்டுப் போடோணும். இங்க கொஞ்சப் பேர் போட்டாலே காணும்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் மேசையில் கிடந்த தீப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு விதமாகச் சொன்னார். "அமெரிக்காவிலயும் முந்தி இப்பிடித்தான். அடிமையளுக்கு வோட்டில்லை. ஆனா அவையளை எண்ணி, எசமான்மாரின்ர மாநிலங்களுக்குக் கூட ஆசனம் குடுத்தவங்கள். சனத்தொகையில குறைஞ்சவன் பாராளுமன்றத்தில கூடினவனாய் இருந்தான். அங்கயெண்டாலும் ஒரு அடிமையை அஞ்சில மூண்டு பங்காய்த்தான் எண்ணினது. இங்க முழுத் தலையாய் எண்ணியிருக்கிறாங்கள்."

அவர் அதைச் சுவாரசியமான செய்தியாகச் சொன்னார். நானோ பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன். நான் கையில் ஏந்தி எடுத்த ஒவ்வொரு குழந்தையும் அந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது. பாதை ஓடிய துண்டைக் கொடுத்த மெம்பரின் ஆசனத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. வேலியைச் சுற்றித் தூக்கிப் போனதில் இறந்தவளும் எண்ணப்பட்டவள்தான்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வேலிக்காரர், பாதைக்குக் குறுக்கே கம்பி அடித்தவர், நின்றிருந்தார். அவரை எனக்குத் தெரியும். ஒருமுறை அவருடைய மனைவிக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு பலாக்காய் கொண்டுவந்திருந்தார். என் கணவர் அவரை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வேலிக்காரர் சிங்களத்தில் மெதுவாகப் பேசினார்.

"நோனா, அந்த ஜீப் வந்தது எங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தக் காணியைத் தந்தது இப்போது இருக்கிற மெம்பர். மற்ற ஆள் வந்தால் அங்கிருந்து என்னை எழுப்பிவிடுவார்கள். எனக்கு நாலு பிள்ளைகள்."

"பாதைக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே" என்றேன் நானும் சிங்களத்தில்.

"விட்டால் அந்தத் துண்டு எனக்கில்லை என்று ஆகிவிடும். அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள்." பலாக்காயை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நோனா ஓட்டுப் போட வராமல் இருப்பது நல்லது. நான் ஒன்றும் செய்ய மாட்டேன். ஆனால் கிராமத்துப் பையன்கள் பேசுகிறார்கள். லயத்துக்குத் தீ வைக்க அதிக நேரம் வேண்டாம் என்று."

பலாக்காயை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது நாலு நாள் அங்கேயே கிடந்தது. நாங்கள் தொடவில்லை.

அன்றிரவும் அடுத்த பல இரவுகளும் எனக்கும் என் கணவருக்கும் சண்டை. கூச்சல் இல்லை, லயத்துச் சுவருக்குக் காது உண்டென்று பழகியவர்கள் நாங்கள். அடிக்குரலில்தான் எல்லாம்.

"போகாத. ஒன் ஒரு ஓட்டால யாரும் ஜெயிக்கவும் போறதில்ல, தோக்கவும் போறதில்ல."

"அப்ப எதுக்கு ரெண்டு பக்கமும் வந்து நிக்கிறாங்க?"

"வந்து நிக்கிறாங்கல்ல, அதான் சொல்றேன். ஓட்டு ஒனக்கு. நெருப்பு எல்லாருக்கும்."

"அந்தப் புள்ள என் கையப் புடிச்சிக்கிட்டே போச்சுங்க."

அவர் எழுந்து போய் விளக்கை அணைத்தார். இருட்டில், "எனக்கு இருந்தா நான் போயிருப்பேன். ஒன்ன அனுப்பத்தான் முடியல" என்றார். எங்களுக்குள் அந்த விஷயத்தை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

வாக்குச்சாவடி கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில். வாக்களிப்பு அன்று லயத்து ஆண்கள் யாரும் கீழே இறங்க வேண்டாம் என்று தோட்ட ஆபீஸிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். காலையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். மருத்துவச்சி உடுப்பு என்றால் கொஞ்சம் மரியாதை இருக்கும் என்று எண்ணினேன். லயத்து வாசல்களில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தலைவர் மட்டும் கையைக் கூப்பினார். என் கணவர் ஓடை வரைக்கும் கூட வந்தார். அதற்கு மேல் நான் விடவில்லை.

கிராமத்துக்குள் நுழைந்ததும் பேச்சுகள் நின்றன. பள்ளிக்கூட வாசலில் பெண்களின் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, ஓர் அடி முன்னே நகர்ந்துகொண்டாள். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே சைக்கிள்களில் சாய்ந்திருந்த இளைஞர்களில் ஒருவன் "கள்ளத்தோணி" என்றான். திருட்டுப் படகில் வந்தவள் என்கிற வசை, சத்தமாகக்கூட இல்லை, எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு. நான் சுவரிலிருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

உள்ளே போனதும் ஒரு வேட்பாளரின் முகவன் எழுந்து நின்றான். "இந்தப் பெண் இந்தியாக்காரி. இவள் ஓட்டை ஏற்க முடியாது" என்றான். தலைமை அதிகாரி கண்ணாடியை உயர்த்தி என்னைப் பார்த்தார். நடுத்தர வயது, ஆசிரியர் போன்ற தோற்றம்.

"நீங்கள்தான் இந்தப் பெயருக்குரியவரா?"

"ஆமாம் ஐயா. நான் இந்த நாட்டுப் பிரஜை. மாத்தளையில் பிறந்தேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

முகவன் மறுபடி வாயெடுத்தான். அதிகாரி ஒரு கடதாசியை என் பக்கம் தள்ளி, "பிரகடனத்தில் கையெழுத்து வையுங்கள்" என்றார். வைத்தேன். பிறகு முகவனைப் பார்த்து, "சட்டம் அவ்வளவுதான். உட்காருங்கள்" என்றார். அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தயவு என்று சொல்ல ஒன்றும் இல்லை அதில். வேலையைச் செய்தார்.

மறைப்புக்குள் நின்று பென்சிலை எடுத்தபோது லயத்தில் பேசி எனக்குச் சொன்ன முடிவுப்படிதான் புள்ளடிக் குறி போட்டேன். முதலாளி வந்து கேட்ட ஆளுக்கு. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டபோது சந்தோஷமோ பெருமையோ வரவில்லை. முதுகில் ஒரு சுமையை ஏற்றிக்கொண்டு வந்தவள் அதை இறக்கிவைத்தது போல் இருந்தது, அவ்வளவே.

மறுநாள் வானொலியில் எங்கள் தொகுதி முடிவைச் சொன்னார்கள். முதலாளியின் ஆள் வென்றார். வித்தியாசம் பெரிதில்லை. தொகுதியில் வாழ்ந்த சனத்தோடு ஒப்பிட்டால், அவருக்கு விழுந்த ஓட்டு ஒரு கைப்பிடி. லயத்தில் யாரோ பட்டாசுக்குப் பதில் தகரத்தைத் தட்டினார்கள். தலைவர் போய் அதை நிறுத்தினார்.

பட்டாசு கீழே வெடித்தது. நண்பகலுக்கு முன்பே வெற்றி ஊர்வலம் இரண்டு லொறிகளில் கிராமத்துக்குள் வந்தது. மேலேயிருந்து எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. லொறியிலிருந்து குதித்தவர்கள் நேராக வேலிக்காரருடைய துண்டுக்குப் போனார்கள். கட்டைகளைப் பிடுங்கினார்கள், கம்பியைச் சுருட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. அவருடைய ஓலைக் குடிசையிலிருந்து சாமான்களை வெளியே எறிந்தார்கள். பிறகு புகை வந்தது. அவருடைய மனைவி நாலு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் ஓடுவது தெரிந்தது. கடைசிப் பிள்ளை நான் எடுத்தது.

என் பக்கத்தில் நின்ற பெண், "பாதை தெறந்துருச்சும்மா" என்றாள். அவள் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, குரூரமும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள்.

நான் என் பையை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். என் கணவரும் தலைவரும் கூட வந்தார்கள். பிள்ளையொன்றின் காலில் தீப்பட்டிருந்தது. மருந்து போட்டுக் கட்டினேன். வேலிக்காரர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"நோனா கேட்டதுதானே" என்றார்.

"பாதையைத்தான் கேட்டேன். இதை இல்லை."

"அவர்களிடம் கேட்டால் இப்படித்தான் கிடைக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் யட்டவத்தைப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு அறிந்தேன்.

லயத்துக்கு யாரும் தீ வைக்கவில்லை. ஆனால் கிராமத்துக் கடையில் எங்கள் ஆட்களுக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தினார்கள். வெகுநாள் அது நீடித்தது. பாதை ஓர் எட்டு மாதம் திறந்திருந்தது. அந்த எட்டு மாதத்தில் மூன்று பெண்களை அந்த வழியாக இறக்கினோம். மூவரும் பிழைத்தார்கள். இதை நான் எதனோடும் ஈடுகட்டிப் பார்ப்பதில்லை. நடந்தது அது. பிறகு புது மெம்பர் அந்தத் துண்டைத் தன் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கொடுத்தார். அவர் கம்பிக்குப் பதில் மதில் கட்டினார்.

முதலாளியின் கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் எனக்கு முகம் கொடுக்கக் கஷ்டப்பட்டார். "நான் போய்ச் சொன்னன் தங்கச்சி. ரெண்டு தரம் சொன்னன். 'அங்க எத்தன ஓட்டு'ன்டு கேட்டாரு. நான் என்ன சொல்ல?"

அவர் தேநீர் வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த பல வருடங்கள் என் கணவரின் கடதாசிகளோடு போயின. ஒப்பந்தத்தின்படி இங்கேயே இருக்க விண்ணப்பித்தார். லயத்தில் பாதிப் பேருக்கு இந்தியா என்று வந்தது, தலைவருக்கும். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் ரயிலில் அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த நாட்களில் லயத்து அறைகளான காம்பராக்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக் கிடந்தன. எங்களுக்கும் அந்தக் கடிதம் வந்தால் நான் என் குடியுரிமையை விட்டுவிட்டுக் கூடப் போவது என்று முடிவெடுத்திருந்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

வந்தது வேறு கடிதம். அவரை ஏற்றுக்கொண்டார்கள். அப்போது தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம். வேலை போய், நாங்கள் மாத்தளைக்கு இறங்கி அப்பாவின் கடைக்குப் பின்னால் குடியிருந்தோம். எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த தேர்தலில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, அவர் முதல் தடவையாக ஓட்டுப் போடப் போனார். வெளுத்த சட்டையை முந்தின நாளே தேய்த்து வைத்திருந்தார். என்னோடு வரவில்லை. தனியாகப் போகிறேன் என்றார்.

திரும்பி வந்து, கிணற்றடியில் முகம் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு போட்டுக்கொண்டே, "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் பெட்டிக்கும்" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவர் இறக்கும்வரை அதைச் சொல்லவே இல்லை.